தந்தை தந்த கொடி

புது தில்லி: மக்களவையின் முன்னாள் தலைவர் சோம்நாத் சட்டர்ஜி 2018 ஆகஸ்ட் 13-ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். மக்களவைக்குப் பத்து முறை தேர்வானவர். அணுசக்தி ஒப்பந்தப் பிரச்னையின்போது மக்களவைத் தலைவர் பதவியை விட்டு விலக மறுத்ததால் 2008-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். அவரது உடல் மீது செங்கொடியைப் போர்த்தக் கட்சியினர் முன்வந்தபோது குடும்பத்தினர் இணங்கவில்லை. எனினும், அவர் உடல் மீது ஒரு கொடி போர்த்தப்பட்டிருந்தது. அது பச்சையும் அரக்கும் கலந்த மோகன் பகான் கால்பந்து கிளப்பின் கொடி.

சோம்நாத் சட்டர்ஜியின் தந்தை என்.சி. சட்டர்ஜி, இந்து மகாசபையின் தலைவராக இருந்தவர்; முதலாவது மக்களவையில் அக்கட்சியின் உறுப்பினராக அமர்ந்தவர். மகன் போய்ச் சேர்ந்ததோ அதற்கு நேரெதிரான முகாமில். வங்காளத்தில் இது வியப்புக்குரிய செய்தி அல்ல. தந்தை காங்கிரஸ், மகன் மார்க்சிஸ்ட், பேரன் திரிணமூல், கொள்ளுப் பேரன் பாஜக என்று ஒரே கூரையின் கீழ் நான்கு கொடிகளைக் கண்ட குடும்பங்கள் அங்கு உண்டு. 1977 முதல் 34 ஆண்டுகள் அசையாமல் இருந்த இடதுசாரி ஆட்சியே 2011-ல் வீழ்ந்தது. கட்சியை மாற்றிக்கொண்டவரை வங்காளிகள் மன்னித்துவிடுவார்கள். கிளப்பை மாற்றிக்கொண்டவரை மன்னிப்பது அரிது.

மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்ற கேள்விக்கு அங்கு பிறக்கும் குழந்தை விடை தேடுவதில்லை. குடும்பப் பெயரைப் போல அந்த விடை தந்தையிடமிருந்து வந்து சேர்கிறது. வீடு, நிலம், நகை போன்ற சொத்துகளுக்குப் பத்திரம் உண்டு, பட்டா உண்டு, தகராறு வந்தால் வழக்காட நீதிமன்றம் உண்டு. ஆனால், தந்தை தந்துவிட்டுப் போன கிளப்புக்கு எந்த ஆவணமும் இல்லை. கடந்த சில ஆண்டுகளில், பெருநிறுவனங்கள் கிளப்களின் பங்குகளை வாங்கி, அவற்றின் பெயர்களையே மாற்றத் தொடங்கியபோதுதான், ஆவணம் இல்லாத இந்தச் சொத்து எத்தனை பலவீனமானது என்பது லட்சக்கணக்கான ரசிகர்களுக்குத் தெரியவந்தது.

ஒரு வெற்றியும் ஒரு பிரிவினையும்

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15-ல் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பை இறுதி ஆட்டத்தில், ஆங்கிலேய ராணுவத்தின் கிழக்கு யார்க்ஷையர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் அது வென்றது. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். வங்கப் பிரிவினையால் கொதித்துக் கிடந்த மாகாணத்தில் அந்த வெற்றி, விளையாட்டு வெற்றியாக மட்டும் பார்க்கப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த தில்லி தர்பாரில் பிரிவினை ரத்து செய்யப்பட்டதும், நாட்டின் தலைநகர் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டதும் வரலாறு. ஜூலை 29 இன்றளவும் மோகன் பகான் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது ஒரு மனக்கசப்பில். 1920 ஜூலை மாத இறுதியில், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற வீரரை ஜோராபகான் கிளப் அணியில் சேர்க்கவில்லை. கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தவர் என்பதால்தான் அவர் ஒதுக்கப்பட்டார் என்று கருதிய கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி பதவியைத் துறந்து வெளியேறினார். சில நாள்களிலேயே, ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஈஸ்ட் பெங்கால் கிளப் உருவானது. சிவப்பும் பொன்மஞ்சளும் அதன் நிறங்கள்.

மேற்கு வங்கத்தைப் பூர்விகமாகக் கொண்டோர் 'கோட்டி' எனவும், கிழக்கிலிருந்து வந்தோர் 'பாங்காள்' எனவும் அழைக்கப்பட்டனர். பேச்சு வழக்கில், சமையலில், திருமணச் சடங்குகளில் இருந்த இந்த வேறுபாடு கால்பந்திலும் ஏறிக்கொண்டது. ஆனால், 1911-ல் வென்ற மோகன் பகான் அணியிலேயே கிழக்கு வங்கத்துக்காரர்கள் இருந்தனர் என்பதை இரு தரப்பினரும் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

1947-ல் நாடு பிரிந்தபோதுதான் ஈஸ்ட் பெங்கால் என்ற பெயருக்கு வேறொரு பொருள் வந்தது. டாக்கா, பரிசால், ஃபரீத்பூர், மைமன்சிங் என ஊர்களை விட்டுவிட்டு வந்தவர்கள் ஜாதவ்பூரைச் சுற்றியுள்ள அகதிக் குடியிருப்புகளில் கூரை வேய்ந்துகொண்டனர். அவர்களது ஊர் வேறு நாடாகிவிட்டது. கிழக்கு வங்கம் என்ற பெயரே வரைபடத்திலிருந்து மறைந்து கிழக்குப் பாகிஸ்தான் ஆனது. பின்னர் வங்கதேசம் ஆனது. அந்தப் பழைய பெயர் எஞ்சியிருந்தது ஒரு கால்பந்து கிளப்பின் பலகையில்தான். டாக்காவைக் கண்ணால் பார்த்தறியாத மகனுக்குத் தந்தையால் தர முடிந்த பூர்விகம் அதுவே.

அந்தப் பூர்விகம் ரத்த உறவைக் கேட்டதும் இல்லை. அகதிகளின் கிளப் 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றபோது, முன்வரிசையில் ஆடி அவர்களைத் தலைநிமிரச் செய்தவர்கள் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவர். ஐவருமே தென்னிந்தியர்கள். 'பஞ்ச பாண்டவர்' என்று கொல்கத்தா அவர்களுக்குப் பெயர் சூட்டியது. வங்க மொழி பேசாத ஊர்களில் பிறந்த ஐவரின் பெயர்களைத் தந்தையர் பிள்ளைகளுக்குக் குலதெய்வங்களின் பெயர்களைப் போலச் சொல்லிக் கொடுத்தனர்.

இவ்விரு கிளப்களோடு கொல்கத்தாவின் கதை முடிந்துவிடுவதில்லை. 1891-ல் தொடங்கப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கொல்கத்தா லீக் பட்டத்தை வென்ற கிளப். நகரின் முஸ்லிம் குடும்பங்களில் கறுப்பு வெள்ளைக் கொடி அவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

கைமாறும் விதம்

இந்த மரபுரிமை வழங்கப்படும் இடம் கொல்கத்தா மைதான். ராணுவத்துக்குச் சொந்தமான அந்தப் பரந்த புல்வெளியில்தான் மூன்று கிளப்களின் கூடாரங்களும் ஆட்டத் திடல்களும் உள்ளன. நூற்றாண்டு கண்ட கிளப்களுக்கு அங்கே சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நுழைவாயிலில் குதிரைப் போலீஸார். வெளியே டிக்கெட் கிடைக்காதவர் கூட்டம். உள்ளே மரப்பலகை இருக்கைகள். கூட்டத்தில் தலை தெரியாத பிள்ளைகளைத் தந்தையர் தோளில் ஏற்றிக்கொள்வர். உள்ளே போக முடியாதவர்கள், அட்டைக் குழாயில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திச் செய்த பெரிஸ்கோப் வழியே வேலிக்கு மேலாக ஆட்டத்தைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

திடலுக்குப் போக இயலாத வீடுகளில் வானொலி. அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார், கமல் பட்டாச்சார்யா ஆகியோரின் வங்க மொழி வர்ணனை, ஆட்ட நாள்களில் கொல்கத்தாவின் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. ஒரு முழுத் தலைமுறை ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பு காதால் கேட்டுத்தான் கற்றது. தந்தையின் முகம் மாறுவதைப் பார்த்து, கோல் யாருக்கு விழுந்தது என்று பிள்ளைகள் புரிந்துகொண்டனர்.

அடுத்தது சமையலறை. ஈஸ்ட் பெங்கால் வென்றால் பாங்காள் வீடுகளில் ஹில்சா மீன். மோகன் பகான் வென்றால் கோட்டி வீடுகளில் இறால். ஆட்டம் முடிந்த மாலையில் மீன் சந்தையின் விலையே முடிவைச் சொல்லிவிடும் என்பது கொல்கத்தாவில் பழகிப்போன பேச்சு. தோற்ற வீட்டில் அன்று அடுப்பு எரியாது என்பதும் அதோடு சேர்ந்த பேச்சுதான்.

தலைநகர் தில்லிக்கும் இந்த மரபு வந்து சேர்ந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தோருக்காக 1960-களில் தெற்கு தில்லியில் நிலம் ஒதுக்கப்பட்டது. இன்று சித்தரஞ்சன் பார்க் என அழைக்கப்படும் அந்தக் குடியிருப்பின் மீன் அங்காடிகளில், கொல்கத்தாவில் நடக்கும் ஆட்டத்தைப் பற்றிய வாக்குவாதத்தை இன்றும் கேட்கலாம். பழம்பெரும் டூரண்ட் கோப்பைப் போட்டி பல பத்தாண்டுகள் தில்லியில் நடந்ததால், வங்கத்தைவிட்டு வந்த அரசு ஊழியர்களால் அம்பேத்கர் விளையாட்டரங்குக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று தங்கள் கிளப்பை நேரில் காட்ட முடிந்தது. அந்தப் போட்டி 2019-ல் கொல்கத்தாவுக்கு இடம் மாறிவிட்டது.

கலப்பு மணங்கள் பெருகிய பிறகு பிரிவினைக் கோடு வீட்டுக்குள்ளேயே விழுந்தது. தந்தை பாங்காள், தாய் கோட்டி எனில் பிள்ளை யார் பக்கம் என்பது அங்கு பெருங்கேள்வி. பெரும்பாலும் தந்தையின் கொடியே வெல்கிறது. ஆனால், தாய்வழித் தாத்தாவின் தோளில் அமர்ந்து முதல் ஆட்டத்தைப் பார்த்த பிள்ளை, அந்தப் பக்கமே நின்றுவிடுவதும் உண்டு. ஒரே வீட்டுச் சகோதரர்கள் எதிரெதிரே நின்றதற்குச் சிறந்த சான்று பானர்ஜி குடும்பம். 1970-களின் நடுவில் அண்ணன் பி.கே. பானர்ஜி ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர். தம்பி பிரசூன் பானர்ஜி மோகன் பகான் வீரர். பிரசூன் பின்னர் 2013 இடைத்தேர்தலில் ஹவுரா தொகுதியிலிருந்து திரிணமூல் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்கு வந்தார்.

மரபுரிமையின் கசப்பு

தந்தை தருவதில் அன்பு மட்டும் இருப்பதில்லை. பகையும் சேர்ந்தே வருகிறது. 1975 செப்டம்பர் 30-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று ஈஸ்ட் பெங்கால் வீழ்த்தியது. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாத மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஐந்து கோல்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் அந்த இளைஞரைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதைவிடக் கொடியது நடந்தது. 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் இரு அணிகளுக்கும் இடையே கொல்கத்தா லீக் ஆட்டம். ஆடுகளத்தில் இரு வீரர்களுக்கு இடையே ஏற்பட்ட மோதல், பார்வையாளர் பகுதியில் கலவரமாக மூண்டது. அடிதடியிலும் நெரிசலிலும் சிக்கி 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். இரு கிளப்களின் ரசிகர்களும் அதில் இருந்தனர். காலையில் வீட்டைவிட்டு உற்சாகத்தோடு புறப்பட்டுச் சென்ற பிள்ளைகளின் உடல்களைப் பெற்றோர் அடையாளம் காட்ட வேண்டியதாயிற்று. மோகன் பகானின் தீவிர ரசிகரான பாடகர் மன்னா டே அந்தத் துயரத்தைப் பாடலாகப் பாடினார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16, கால்பந்து ரசிகர்கள் தினமாக ரத்த தான முகாம்களுடன் அனுசரிக்கப்படுகிறது.

எனினும், திடலுக்கு வரும் கூட்டம் குறையவில்லை. 1997 ஜூலை 13-ல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இவ்விரு அணிகளும் மோதியபோது சால்ட் லேக் விளையாட்டரங்குக்கு வந்தவர்கள் 1,31,000 பேர். பாய்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் ஓர் அரங்கில் திரண்ட மிகப் பெரிய கூட்டங்களுள் ஒன்று அது. அன்று தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவர்கள் இன்று தந்தையராக இருக்கின்றனர்.

கிளப் யாருக்குச் சொந்தம்?

அந்த ஆட்டத்துக்கு அடுத்த ஆண்டே புதிய கேள்வி எழுந்தது. பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரான தொழிலதிபர் விஜய் மல்லையாவின் யுனைடெட் புரூவரீஸ் குழுமம், 1998-ல் இரு கிளப்களிலும் பங்குதாரராக நுழைந்தது. மோகன் பகானின் பெயருக்கு முன் ஒரு மதுபானத்தின் பெயரும், ஈஸ்ட் பெங்காலின் பெயருக்கு முன் வேறொரு மதுபானத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டன. ஜென்மப் பகையாளிகள் இருவருக்கும் படியளந்தது ஒரே முதலாளி. ரசிகர்கள் முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொண்டனர். ஏனெனில் பழைய பெயர் அங்கேயே இருந்தது. கிளப்பின் நிர்வாகமும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர்களிடமே இருந்தது.

இந்தியன் சூப்பர் லீக் வந்த பிறகு நிலைமை மாறியது. 2014-ல் தொடங்கிய அந்த லீக்கில் ஆட, ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் தேவை. உறுப்பினர் சந்தாவும் டிக்கெட் பணமும் கொண்டு நடக்கும் சங்கங்களால் அது ஆகாத காரியம். 2020-ல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவும், ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமத்தின் ஏ.டி.கே. அணியும் இணைந்தன. புதிய நிறுவனத்தில் குழுமத்துக்கு 80 சதவீதம். கிளப்புக்கு 20 சதவீதம். நிறங்களும் பாய்மரப் படகுச் சின்னமும் காப்பாற்றப்பட்டன. ஆனால், பெயர் ஏ.டி.கே. மோகன் பகான் என்றானது. ஆறே ஆண்டுகள் வாழ்ந்த அணியின் பெயர், 131 ஆண்டுகள் வாழ்ந்த கிளப்பின் பெயருக்கு முன்னால் வந்து அமர்ந்தது.

ரசிகர்கள் கேட்டது ஒன்றைத்தான்: அந்த மூன்று எழுத்துகளை நீக்க வேண்டும். பதாகைகள், ஊர்வலங்கள், அரங்கைப் புறக்கணிக்கும் அழைப்புகள் என்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் போராட்டம் நீடித்தது. அணி தோற்றுக்கொண்டிருந்த காலமும் அல்ல அது. 2023 மார்ச் 18-ல் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூரு அணியை வென்று கோப்பையைக் கைப்பற்றிய இரவில்தான், பெயர் மாற்றப்படும் என்று சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். 2023 ஜூன் முதல் அணியின் பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். பின்னொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டாலும், தந்தையர் சொல்லித் தந்த பெயர் முன்னுக்கு வந்துவிட்டது என்று ரசிகர்கள் ஆறுதல் அடைந்தனர்.

ஈஸ்ட் பெங்காலின் பாடு இன்னும் கடினமானது. 2018 முதல் முதலீட்டாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினர். 2020-ல் வந்த ஸ்ரீ சிமென்ட் நிறுவனத்துடன் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட கிளப் நிர்வாகிகள் மறுத்தனர். உறுப்பினர்களின் உரிமைகளை விட்டுக்கொடுக்க முடியாது என்றது நிர்வாகம். கையெழுத்திடாவிட்டால் அணியே இருக்காது என்று அஞ்சினர் ரசிகர்களில் ஒரு பகுதியினர். 2021 ஜூலை 21-ல் கிளப் கூடாரத்தின் முன்பு திரண்ட ரசிகர்கள் மீது போலீஸார் தடியடி நடத்தினர். அடி கொடுத்தவர்களும் எதிரணி ரசிகர்கள் அல்லர். அடி வாங்கியவர்களும் எதிரணி ரசிகர்கள் அல்லர். சொந்தக் கிளப்பின் வாசலில், சொந்தக் கிளப்புக்காக ரத்தம் சிந்தியது கொல்கத்தாவுக்குப் புதிய காட்சி. 2022-ல் அந்நிறுவனம் விலகிக்கொள்ள, இமாமி குழுமம் வந்தது.

இரண்டு நாடாளுமன்றங்கள்

இந்தச் சச்சரவுகளில் ரசிகர்களுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று பார்த்தால், இடமே இல்லை என்பதுதான் விடை. கிளப், சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் அமைப்பு. அதில் வாக்குரிமை பதிவு பெற்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே. அணியை நடத்தும் நிறுவனம், கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது; அதில் வாக்குரிமை பங்குதாரர்களுக்கு. இரண்டிலும் சேராத லட்சோப லட்சம் குடும்பங்கள் வெறும் பார்வையாளர்கள்.

2025-ல் இரு நாடுகளின் நாடாளுமன்றங்கள் விளையாட்டைப் பற்றிச் சட்டம் இயற்றின. இங்கிலாந்தின் கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலை 21-ல் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. 2021-ல் பெரும் பணக்கார கிளப்கள் தனி லீக் அமைக்க முயன்றபோது ரசிகர்கள் நடத்திய போராட்டமும், அதன் பின் நாடாளுமன்ற உறுப்பினர் டிரேசி கிரௌச் தலைமையில் நடந்த ஆய்வும் அதற்கு வித்திட்டன. கிளப்பின் சின்னத்தையோ, சொந்தத் திடலில் அணியும் சட்டையின் நிறத்தையோ மாற்ற வேண்டுமானால், ரசிகர்களில் பெரும்பான்மையினரின் ஆதரவு தேவை என்கிறது அச்சட்டம். ஜெர்மனியில் இதைவிடப் பழைய ஏற்பாடு உண்டு. சில விதிவிலக்குகள் நீங்கலாக, அங்கு கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும்.

பிரிட்டனில் அச்சட்டம் நிறைவேறிய இரண்டாவது நாள், ஜூலை 23-ல், இந்திய மக்களவையில் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவை மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிமுகம் செய்தார். ஆகஸ்ட் 11-ல் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தப் பிரச்னையால் அவை நடவடிக்கைகள் கொந்தளித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், வீரர்களுக்கான குழு, சம்மேளன நிர்வாகத்தில் பெண்களுக்கு இடம் என்று வரவேற்கத்தக்க அம்சங்கள் அதில் உண்டு. ஆனால், சம்மேளனங்களை ஒழுங்குபடுத்தும் அச்சட்டம் கிளப்களைப் பற்றியோ, அவற்றின் ரசிகர்களைப் பற்றியோ பேசவில்லை. அரசமைப்புச் சட்டப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே மேற்கு வங்க சட்டப்பேரவையும் இதுபற்றி யோசித்திருக்கலாம். அங்கும் அப்படி ஒரு முயற்சி நடக்கவில்லை.

எல்லாக் கட்சிகளிலும் இவ்விரு கிளப்களின் ரசிகர்கள் இருக்கின்றனர். கிளப் நிர்வாகங்களில் அரசியல்வாதிகளுக்குச் செல்வாக்கும் உண்டு. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தலைவராக 2022-ல் தேர்வான பாஜகவைச் சேர்ந்த கல்யாண் சௌபே, இரு கிளப்களுக்கும் கோல்கீப்பராக ஆடியவர். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த பிரஃபுல் படேலும், பிரியரஞ்சன் தாஸ்முன்ஷியும் மத்திய அமைச்சர்களாக இருந்தவர்கள். அதிகாரத்தில் இருந்தவர்களுக்குக் குறைவில்லை. ரசிகனின் உரிமை என்று ஒன்று உண்டென நினைத்தவர்கள்தான் குறைவு.

அலட்சியத்தின் விலை 2025-ல் வெளிப்படையாகத் தெரிந்தது. சம்மேளனத்துக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் 2010-ல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பரில் முடிவுக்கு வந்தது. அடுத்து என்ன என்பதை உரிய காலத்தில் தீர்மானிக்காததால் லீக் வழக்கமான மாதங்களில் தொடங்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2026 பிப்ரவரியில் லீக் தொடங்கும் என்று மத்திய அமைச்சரே ஜனவரியில் அறிவிக்க வேண்டிய நிலை உண்டானது. 2025 ஏப்ரலில், லீக் பட்டத்தோடு கோப்பையையும் வென்றிருந்த மோகன் பகானின் ரசிகர்களுக்கு, அதே ஆண்டு இறுதியில் அடுத்த லீக் நடக்குமா என்பதே தெரியாமல் இருந்தது.

பகை விலகிய ஒரு மாலை

இந்த மரபுரிமையைக் குறித்து நம்பிக்கை தரும் நிகழ்ச்சி ஒன்றும் அண்மையில் நடந்தது. 2024 ஆகஸ்ட் 9-ல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரமே கொந்தளித்திருந்த நிலையில், ஆகஸ்ட் 18-ல் நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. அரங்கில் நீதி கேட்டு முழக்கம் எழும் என்ற அச்சமே காரணம் என்று ரசிகர்கள் கருதினர்.

ஆட்டம் இல்லாத அந்த மாலையில் சால்ட் லேக் அரங்கின் வெளியே ரசிகர்கள் திரண்டனர். பச்சை-அரக்குச் சட்டைக்காரரின் தோளில் சிவப்பு-மஞ்சள் சட்டைக்காரர் ஏறி நின்றார். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்து சேர்ந்தனர். போலீஸார் தடியடி நடத்தியும் கூட்டம் உடனே கலையவில்லை. அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்தனர். 1980-ல் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும், 44 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஆகஸ்ட் மாதத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நின்றனர். தந்தையிடமிருந்து கிளப்பைப் பெற்றுக்கொண்டு பகையைப் பெற்றுக்கொள்ளாமல் இருக்க முடியும் என்பதை அன்று அவர்கள் காட்டினர்.

மகள்களும் இப்போது இந்த மரபுரிமையில் பங்கு கேட்கின்றனர். நெடுங்காலம் மைதான் இருக்கைகள் ஆண்களின் இடமாகவே இருந்தன. தந்தையரின் தோள்களில் மகன்கள் மட்டுமே அமர்ந்தனர். 2024-25-ல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை ஈஸ்ட் பெங்கால் பெண்கள் அணி வென்றது. மகளை அழைத்துச் சென்று, அவள் வயதுடைய பெண்கள் தன் கிளப்பின் நிறத்தில் ஆடுவதைக் காட்டும் வாய்ப்பு, இன்று ஒரு தந்தைக்குக் கிடைத்திருக்கிறது.

வங்கத்துப் பிள்ளைகளில் பலர் இன்று வேலை தேடி பெங்களூரிலும், தில்லியிலும், வெளிநாடுகளிலும் இருக்கின்றனர். ஐரோப்பிய கிளப்களின் சட்டை அணிந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் கொல்கத்தா ஆட்டத்தன்று ஊரில் இருக்கும் தந்தைக்குத் தொலைபேசியில் பேசும் வழக்கம் போகவில்லை. மற்ற நாள்களில் பேசிக்கொள்ள அதிகம் இல்லாத தந்தைக்கும் மகனுக்கும் அன்று பேச தொண்ணூறு நிமிடங்களுக்குக் குறையாத விஷயம் உண்டு.

மோகன் பகான் ரசிகர்கள் மூன்றாண்டு காலம் போராடியது கோப்பைக்காக அல்ல. அது அவர்களிடம் வந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளைக்குச் சொல்லித் தர, தந்தை சொல்லித் தந்த அதே பெயர் வேண்டும் என்பதற்காகப் போராடினார்கள். அந்த முறை தொழிலதிபர் ஒருவர் இணங்கியதால் பெயர் திரும்பக் கிடைத்தது. அடுத்த முறை இணங்காத ஒருவர் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்தியச் சட்டங்களில் இன்னும் விடை இல்லை. மத்திய அரசும் மேற்கு வங்க அரசும் கிளப்களுக்குப் பணம் தர வேண்டியதில்லை. அணியை நடத்தவும் வேண்டியதில்லை. பெயர், நிறம், சின்னம் ஆகிய மூன்றையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்.